வாத்து வேட்டை ஷாட்கன்: 26, 28, 30 அங்குலக் குழலில் எது?

குழல் நீண்டால் ரவை (ஷாட்கன் தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகள்) வெகுதூரம் பாயும் என்பது பழைய கருமருந்துக் காலத்து நம்பிக்கை. இன்றைய 12 கேஜ் (குழல் விட்டத்தின் அளவு) தோட்டாவில் ஓர் அங்குலம் கூடினால் வினாடிக்குச் சில அடி வேகமே கூடும். பறவைக்கு அது தெரியாது. ரவை பரவுவதைத் தீர்மானிப்பது சோக், அதாவது குழல்முனையின் குறுக்கம். நீளம் மாற்றுவது துப்பாக்கியின் சமநிலையையும், பறக்கும் பறவையைத் தொடர்ந்து அதை வீசும் வீச்சையும்தான்.

அமெரிக்கச் சதுப்பு நிலங்களில் படுத்துச் சுடும் மறைப்பு, நெருங்கிய நாணல், படகு என்றால் 26. உயரே கடந்து போகும் கூஸ்களுக்கு (பெரிய வாத்தினப் பறவைகள்) 28 அல்லது 30: முன்பாரம் வீச்சைப் பாதியில் நிற்கவிடாது. ஒன்றே வாங்குவதென்றால் 28. பம்ப் (கையால் முன்பிடியை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுவது), செமி ஆட்டோ (தானே ஏற்றிக்கொள்வது) வகைகளில் குழலுக்குப் பின்னுள்ள இயக்கப் பெட்டியான ரிசீவரே இரட்டைக் குழலைவிட மூன்று நான்கு அங்குலம் கூடுதல். ஆகவே 26 அங்குல செமி ஆட்டோ மொத்த நீளத்தில் 30 அங்குல இரட்டைக் குழலை நெருங்கும்.

கடையில் துப்பாக்கி காலியா என்று பார்த்துவிட்டு, குளிர்கோட்டு அணிந்தே தோளில் வைத்து வீசிப் பாருங்கள். அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவைக்கு ஈய ரவை நாடெங்கும் தடை. எஃகு ரவைக்கு நடுத்தர இறுக்கமுள்ள மாடிஃபைட் சோக் போட்டு, 40 கெஜத்தில் வைத்த காகிதத்தைச் சுட்டு, 30 அங்குல வட்டத்தில் விழும் துளைகளை எண்ணுங்கள். பெரிய எஃகு ரவையை இறுக்கமான ஃபுல் சோக்கில் சுட்டால் குழல்முனை புடைக்கலாம்.

நீண்ட குழல் சேற்றில் எளிதாகக் குத்தும். அடைபட்ட குழலில் சுட்டால் வெடிக்கும். தோட்டாவை எடுத்துவிட்டு உள்ளே பாருங்கள்.