குள்ள விண்மீன் மண்டலத்தில் கருந்துளை ஊதும் வாயுவைப் பிடிப்பது எப்படி?

குள்ள மண்டலம் என்றால் சிறிய கேலக்ஸி. அதிலுள்ள கருந்துளை சுற்றியுள்ள வாயுவை வெளியே தள்ளுவதை நாமே தேடிப் பார்க்கலாம். தொலைநோக்கி வேண்டாம். இணைய இணைப்பும் எக்ஸெலும் போதும். வானத்தை அளந்து பதியும் ஸ்லோன் டிஜிட்டல் ஸ்கை சர்வேயின் நிறமாலைகள் (ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த பதிவுகள்) எல்லாருக்கும் இலவசம்.

முதலில் மண்டலம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கண்டபடி தேடினால் வாரம் ஓடிவிடும். 2013இல் வானியலாளர் எமி ரைன்ஸ் குழுவினர் சுமார் 25,000 குள்ள மண்டலங்களைச் சலித்து, கருந்துளையின் தடயம் தெரிந்த 151ஐப் பொறுக்கினார்கள். அந்தப் பட்டியலில் ஒன்றை எடுத்து, நிறமாலையை சிஎஸ்வி கோப்பாக இறக்கி, ஒவ்வோர் அலைநீளத்தையும் (1 + செம்பெயர்ச்சி) ஆல் வகுங்கள். செம்பெயர்ச்சி என்பது மண்டலம் நம்மைவிட்டு விலகுவதால் அலைநீளம் எவ்வளவு நீண்டது என்ற அளவு; வகுத்தால் அது நீங்கிவிடும்.

இந்த இடத்தில்தான் நான் வழுக்கினேன். புத்தகத்தில் ஆக்ஸிஜனின் பச்சைக் கோடு (வரைபடத்தில் ஒரு கூர்முனை) 5006.8 ஆங்ஸ்ட்ராம், அதாவது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு என்ற அலகில். என் வரைபடத்திலோ 5008.2. வாயு நொடிக்கு 84 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று குதித்தேன். கடைசியில் பார்த்தால், புத்தகம் சொன்னது காற்றில் அளந்த எண், ஸ்லோன் தருவது வெற்றிடத்து எண்!

சரி, அந்தக் கோட்டைப் பெரிதாக்குங்கள். அமைதியான வாயு என்றால் இருபக்கமும் ஒரே மாதிரி சரியும். வெளியேறும் வாயு இருந்தால் இடப்பக்கம், அதாவது நீலப் பக்கம், வால் நீளும். அது நம்மை நோக்கி வரும் வாயு; அந்தப் பக்கம் போவதைத் தூசி பெரும்பாலும் மறைத்துவிடும். எக்ஸெலின் சால்வர் கருவியைக் கொண்டு ஒல்லியாக ஒன்று, அகலமாக ஒன்று என இரண்டு காஸியன் (மணி வடிவ) வளைவுகளைப் பொருத்துங்கள். அகலமானதன் நடு 5 ஆங்ஸ்ட்ராம் தள்ளி நின்றால், 5 ÷ 5008 × 3,00,000 (ஒளியின் வேகம்) = நொடிக்குச் சுமார் 300 கிலோமீட்டர்.

உடனே நம்பிவிடாதீர்கள். 4960.3இல் இதே ஆக்ஸிஜனின் தங்கைக் கோடு இருக்கும், மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். கோடு தெளிவாக இருந்தும் அங்கே வால் இல்லையென்றால், நீங்கள் பார்த்தது இரைச்சல்.

அப்புறம், தள்ளுவது யார்? சூப்பர்நோவாக்களும் (வெடிக்கும் விண்மீன்களும்) வாயுவை ஊதும். அகல வளைவின் ஒளியை மட்டும் எடுத்து, நைட்ரஜன்/ஹைட்ரஜன் ஆல்ஃபா கோடுகளின் விகிதத்தைக் கிடையச்சிலும், ஆக்ஸிஜன்/ஹைட்ரஜன் பீட்டா கோடுகளின் விகிதத்தை நிலையச்சிலும் எடுத்துப் புள்ளி வையுங்கள். 1981இல் பால்ட்வின், பிலிப்ஸ், டெர்லெவிச் வகுத்த படம் இது. மேல் வலது மூலை கருந்துளைக்கு. ஆனால் குள்ள மண்டலங்களில் நைட்ரஜன் குறைவு. கருந்துளை இருந்தாலும் புள்ளி இடப்பக்கம் சரிந்து விண்மீன்களின் கும்பலில் ஒளிந்துகொள்ளும். அதனால் இந்தப் படம் ‘ஆம்’ என்றால் நம்புவேன், ‘இல்லை’ என்றால் நம்பமாட்டேன்.

விண்மீன் பிறக்க வாயு வேண்டும்தான். ஆனாலும் முடிவில் ‘வாயு போனது, விண்மீன் பிறப்பு நின்றது’ என்று அவசரமாக எழுதிவிடாதீர்கள். ஹெனைஸ் 2-10 என்ற குள்ள மண்டலத்தில், கருந்துளையிலிருந்து 230 ஒளியாண்டு நீளத்துக்கு ஓடும் வாயு இழை மோதும் இடத்தில் புது விண்மீன்கள் பிறப்பதை ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி காட்டியது, 2022இல்.