கொடுமுடி மட்டும் ஏன் வரவில்லை?

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டிக்கு விவசாயிகள் பட்டியலோடு இணையதளம் செய்து கொடுத்திருந்தேன். ஒருநாள் காலையில் போன்: "ஏனுங்க தம்பி, கொடுமுடின்னு தேடினா ஒருத்தரும் வரமாட்டேங்கறாங்க. பெருந்துறை, சிவகிரியெல்லாம் வருதுங்க."

அரை நாள் டேட்டாபேஸையே சந்தேகப்பட்டேன். மொடக்குறிச்சியும் கோபியும் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் பொறி தட்டியது. கணினி சேமித்து வைக்கும் குறிகளின் கணக்கில் சொல்லின் நீளத்தை எண்ணிப் பார்த்தேன். நான் தட்டிய கொடுமுடிக்கு 8, பட்டியலில் இருந்ததற்கு 9. திரையில் துளி வித்தியாசம் இல்லை.

எழுத்துகளைக் கணினியில் எண்களாகக் குறிக்கும் யூனிகோடில் 'ொ' ஒரே குறியாகவும் இருக்கலாம், 'ெ', 'ா' என இரண்டாகவும் இருக்கலாம். கோபியில் வரும் 'ோ'வும் இப்படித்தான். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. ஜாவாஸ்கிரிப்டில் 2015 முதல் இருக்கும் நார்மலைஸ் (normalize) என்ற கட்டளை, பிரிந்த குறிகளைச் சேர்த்து எழுதும் என்எஃப்சி (NFC) முறையில் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். தேடும் சொல்லுக்கு மட்டும் போட்டால் போதாது, சேமித்த தரவுக்கும் போடுங்கள்.

அப்புறம் 'கௌரி'. சிலர் 'ௌ' குறிக்குப் பதிலாக 'ெ' போட்டு ளகரத்தையே தட்டியிருந்தார்கள். இதை என்எஃப்சி தொடாது. மொத்தமாக மாற்றவும் முடியாது, 'ெ'க்குப் பின் நிஜமாகவே ளகரம் வரும் வெள்ளோடு போன்ற ஊர்ப்பெயர் கெட்டுப்போகும்! அந்தப் பெயர்களை மட்டும் உட்கார்ந்து கையால் திருத்தினேன்.