முதலில் ஃபேனை நிறுத்துங்கள்: முடியும் இழையும் சொல்லும் கதையைக் கோப்பது எப்படி

சம்பவ வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லோர் கண்ணும் தரைக்குப் போகும். என் கண் உத்தரத்துக்குப் போகும். ஃபேன் ஓடுகிறதா, எந்த எண்ணில் ஓடுகிறது என்று குறித்துக்கொண்டு, படம் எடுத்துவிட்டு, பிறகு நிறுத்தச் சொல்வேன். புழுக்கம் தாங்காமல் யாராவது மறுபடி போட்டுவிடுவார்கள். ஒற்றை இழைக்கு எடையே கிடையாது. மூலையில் கிடந்தது நடுக்கூடத்துக்கு வந்துவிட்டால், நீங்கள் எழுதும் கதை ஃபேன் எழுதிய கதையாகிவிடும்.

தடய அறிவியல் ஆய்வகத்தின் உயிரியல் பிரிவில் முப்பது ஆண்டு மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஓய்வுக்குப் பிறகு புது எஸ்.ஐ.க்களுக்கு அவ்வப்போது வகுப்பெடுக்கிறேன். அங்கே சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடுகிற இரண்டு பொருளும் ஒன்றிடம் ஒன்று எதையாவது விட்டுச் செல்லும். பிரான்சின் லியோன் நகரில் 1910இல் ஆய்வகம் தொடங்கிய எட்மண்ட் லோகாரின் பெயரால் இதைச் சொல்வார்கள். இதை மனப்பாடம் செய்பவர்கள் மறுபாதியை மறந்துவிடுவார்கள்: விட்டுச் சென்றது அங்கேயே தங்காது.

அதைக் காட்டுவதற்கென்றே ஊட்டியில் வாங்கிய சிவப்புக் கம்பளி ஸ்வெட்டர் ஒன்று வைத்திருக்கிறேன். ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரைப் பத்து விநாடி கட்டிப்பிடிக்க வேண்டும். சிரிப்பு அடங்கியதும் சட்டையின் இடப்பக்கம் டேப் ஒட்டி எடுத்து, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் ஒட்டி, லென்ஸ் வைத்துச் சிவப்பு இழைகளை எண்ணச் சொல்வேன். பிறகு அவர் அதே சட்டையோடு டீ குடித்து, படியேறி இறங்கி, சாப்பிட்டு வரட்டும். நான்கு மணி நேரம் கழித்து வலப்பக்கம் எடுத்து எண்ணும்போது முகம் மாறும். 1975இல் இங்கிலாந்தில் பவுண்ட்ஸ், ஸ்மால்டன் இருவரும் இதை முறையாக அளந்தார்கள். உடுத்திய துணியில் ஒட்டியதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு முதல் நான்கு மணி நேரத்திலேயே உதிர்ந்துவிட்டது.

நடந்ததைக் கோப்பதற்கு இதைவிடப் பெரிய கருவி எனக்குத் தெரியாது. 'போன வாரம் பார்க்கப் போனேன், அப்போது ஒட்டியிருக்கும்' என்று ஒருவர் சொல்கிறார். தினமும் போட்டுக்கொண்டிருந்த அவர் சட்டையில் இறந்தவர் துணியின் நாற்பது இழை இருக்கிறது என்றால், அந்தப் பேச்சை மேலும் கேட்க வேண்டியிருக்கிறது. அதே நேரம் எதுவும் கிடைக்கவில்லை என்பதால் தொடவே இல்லை என்று எழுதாதீர்கள். பிடிபட எத்தனை நாள் ஆயிற்று, நடுவில் துவைத்தார்களா என்று கேளுங்கள்.

எடுக்கும் முறைக்கு வருவோம். ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றமென்றால் தடயவியல் நிபுணர் நேரில் வர வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் பிரிவு 176(3) சொல்கிறது. அவர் வரும்வரை உடலைப் புரட்டாதீர்கள், போர்வை போட்டு மூடாதீர்கள். மரியாதைக்காகப் பக்கத்து வீட்டுப் போர்வையைப் போர்த்துவது நம் ஊர் வழக்கம். அந்த வீட்டு இழை முழுதும் உடலில் இறங்கிவிடும். கண்ணுக்குத் தெரிவதை இடுக்கியால் எடுங்கள். மிச்சத்துக்கு டேப். முன்கழுத்து, பின்கழுத்து, வலக் கை, இடக் கை என்று பகுதி பகுதியாக ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, உடலின் கோட்டுப் படத்தில் அதே எண்ணைப் போடுங்கள். முழு உடம்புக்கும் ஒரே டேப் என்றால் பொருள் கிடைக்கும், கதை போய்விடும். இழை முழங்காலில் இருந்தால் ஒரு கதை, முதுகில் இருந்தால் வேறு.

விபூதி மடித்துத் தருவார்களே, அந்த மடிப்பில் சுத்தமான வெள்ளைத் தாள் பொட்டலம் போதும். அதை உறைக்குள் வைத்து ஒட்டுங்கள். ஈரத் துணியை பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூசணம் பிடிக்கும், நிழலில் உலர்த்திக் காகிதத்தில் சுற்றுங்கள். இறந்தவர் துணியும் சந்தேக நபர் துணியும் ஒரே மேஜையில், ஒரே ஜீப்பில், ஒரே ஆள் கையில் வரவே கூடாது. ஒருமுறை இரண்டும் ஒரே சாக்கில் வந்து இறங்கின. பறிமுதல் மகஜரில் எல்லாம் ஒழுங்கு, பொருளை நீதிமன்றத்துக்கு அனுப்பும் படிவம் 95 ஒழுங்கு, கையெழுத்துகூட முத்து முத்தாக இருந்தது. 'ஒப்பீட்டுக்குத் தகுதியற்றது' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டு அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒப்பிட மாதிரி வேண்டும். தலைமுடி என்றால் முன், உச்சி, பின், இரு பக்கம் என ஐந்து இடத்திலிருந்து, சீவியும் வேரோடு பிடுங்கியும், குறைந்தது இருபத்தைந்து. ஒரே தலையில்கூட முடிக்கு முடி நிறமும் தடிமனும் மாறும். ஒற்றை முடியைக் கொடுத்து 'பாருங்கள் மேடம்' என்றால் எதைப் பார்ப்பது?

மைக்ரோஸ்கோப்பில் முதல் கேள்வி, மனித முடியா, விலங்கா என்பது. முடியின் நடுவில் ஓடும் மஜ்ஜை மனிதருக்கு மெல்லியது, முடியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பல விலங்குகளுக்குப் பாதியைத் தாண்டும். மேல்செதிலும் மாறும், பூனையுடையது இதழ் இதழாக நீண்டு நிற்கும். அடுத்தது வேர். தானாக உதிர்ந்தது குண்டூசித் தலைபோல உருண்டிருக்கும். நாளுக்கு நூறு முடிவரை எல்லோருக்கும் உதிர்கிறது, அதனால் அது கிடப்பதில் வியப்பில்லை. வளரும் பருவத்தில் பிடுங்கப்பட்டதன் வேர் இழுபட்டு, உறையின் சதையும் சேர்ந்து வந்திருக்கும். அப்படி ஒரு கொத்து இறந்தவரின் கைக்குள் இருந்தால் இழுபறி நடந்திருக்கிறது. டி.என்.ஏ.வுக்கும் அந்தச் சதைதான் நல்லது. வேரில்லாத தண்டில் பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. மட்டுமே தேறும். அது தாய்வழியில் வருவது, அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒன்றே. அழுகத் தொடங்கிய உடலின் முடியில் வேருக்குச் சற்று மேலே கருப்புப் பட்டை விழும். கார் டிக்கியில் அப்படி ஒன்று கிடைத்தால், உயிரோடு ஏறிப் போன ஆளின் முடி என்று சொல்ல முடியாது. டை அடித்த முடியில் வேர்ப்பக்கம் நிறமேறாத நீளத்தை அளங்கள், மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கில் கடைசியாக எப்போது அடித்தார் என்று வரும்.

நம் ஊருக்கே உரிய பொறி ஒன்று உண்டு: சவுரி. நீளமான மனித முடி, இரு முனையும் வெட்டுப்பட்டது, வேர் இல்லை. கொத்தில் சிலவற்றின் செதில் மேல்நோக்கி, சிலவற்றின் செதில் கீழ்நோக்கி இருந்தால் எனக்குச் சவுரிச் சந்தேகம் வந்துவிடும். அது எங்கோ மொட்டை போட்டவரின் முடியாக இருக்கலாம். அதில் டி.என்.ஏ. பார்த்து ஊரில் இல்லாத ஆளைத் தேடாதீர்கள்.

இழையில் அரிதுக்குத்தான் மதிப்பு. வேட்டி முதல் பஞ்சு வரை எங்கும் இருக்கும் வெள்ளைப் பருத்தியை நான் எண்ணுவதே இல்லை. நீல ஜீன்ஸும் அப்படித்தான். குறுக்குவெட்டு வடிவம், தடிமன், சாயம், ஒளியில் நடந்துகொள்ளும் விதம் எல்லாம் சேர்ந்துதான் ஓர் இழைக்கு முகம் கொடுக்கும்.

அமெரிக்காவின் அட்லாண்டா வழக்கை நான் வகுப்பில் தவறாமல் சொல்வேன். 1979 முதல் 1981 வரை இருபதுக்கும் மேற்பட்ட கறுப்பினச் சிறுவர்களும் இளைஞர்களும் கொல்லப்பட்டார்கள். பல உடல்களில் மஞ்சள் கலந்த பச்சை நைலான் இழையும் ஊதா அசிடேட் இழையும் திரும்பத் திரும்ப வந்தன. 1981 பிப்ரவரியில் இது செய்தித்தாளில் வெளியாகிவிட்டது. அதன்பின் உடல்கள் துணி களையப்பட்டு ஆற்றில் கிடைக்கத் தொடங்கின. போலீஸ் பாலங்களில் காவல் போட்டது. மே 22 விடிவதற்கு முன் சட்டஹூச்சி ஆற்றில் தொப்பென்று சத்தம், பாலத்தில் வெய்ன் வில்லியம்ஸ் என்பவரின் கார். இரண்டு நாளில் கீழே ஓர் இளைஞரின் உடல் ஒதுங்கியது. அத்தனை தண்ணீர் அடித்துப் போனபிறகும் தலைமுடிக்குள் ஒரு பச்சை இழை சிக்கியிருந்தது.

அந்த இழையின் குறுக்குவெட்டு விசித்திரமானது. மூன்று இதழில் இரண்டு நீளம், ஒன்று குட்டை. அது வெல்மன் நிறுவனத்தின் நூல், வில்லியம்ஸ் வீட்டுத் தரைவிரிப்பும் அதே வகை. விற்பனைக் கணக்கைப் பிடித்து, அந்த விரிப்பு அட்லாண்டாவில் 7,792 வீட்டுக்கு ஒன்றில் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். ஆனால் அந்த ஒற்றை எண் என்னை அசைக்கவில்லை. விரிப்பு, கட்டில் விரிப்பு, கார்ப் பாய், வீட்டு நாயின் முடி என்று பல மூலங்கள் பல உடல்களில் சேர்ந்தே வந்ததுதான் வழக்கைத் தாங்கியது. 1982இல் தண்டனை. தான் செய்யவில்லை என்றுதான் அவர் சொல்லிவருகிறார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தன் பழைய முடிச் சாட்சியங்களைத் தோண்டிப் பார்த்து 2015இல் சொன்னது: எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, பாதகமாக முடிச் சாட்சியம் தரப்பட்ட 268 வழக்குகளில் 257இல் நிபுணர்கள் அளவுக்கு மீறிப் பேசியிருந்தார்கள். வாஷிங்டனில் முடி ஒத்துப்போகிறது என்று ஒருவரைப் பல ஆண்டு சிறையில் வைத்தார்கள். பின்னாளில் அந்த வழக்கின் பதின்மூன்று முடிகளை டி.என்.ஏ.வில் பார்த்தால் ஒன்றுகூட அவருடையதில்லை, ஒன்று நாயுடையது.

ஆகவே அறிக்கையில் 'இது எதிரியின் முடி' என்று எழுதாதீர்கள். 'பொருள் எண் 4இல் உள்ள முடி, பொருள் எண் 9 மாதிரியிலிருந்து வேறுபடவில்லை. வேறு நபர்களுக்கும் இதே தன்மை இருக்கக்கூடும்' என்று எழுதுங்கள். கீழே, அது அங்கே வந்திருக்கக்கூடிய வழிகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள்: நேராகத் தொட்டு, ஒரே ஷேர் ஆட்டோ சீட்டில் உட்கார்ந்து, ஒரே கொடியில் துணி காய்ந்து. எந்த வழியை எந்த டேப் எண் அடிக்கிறது, எது அடிக்கப்படாமல் நிற்கிறது என்று எதிரில் குறியுங்கள். இரண்டு வழி நின்றால் இரண்டையும் விட்டுவையுங்கள். 'ஒன்றாகச் சுருக்கிக் கொடுங்கள் மேடம்' என்று விசாரணை அதிகாரி போன் செய்வார். எடுங்கள், பேசுங்கள், அறிக்கையை மாற்றாதீர்கள்.