ஈமேக்ஸை மாற்றியமைக்க எவ்வளவு லிஸ்ப் போதும்?
மதுரைப் பக்கக் கல்லூரிகளில் சி, ஜாவா படித்துவிட்டு ஈமேக்ஸ் என்ற டெக்ஸ்ட் எடிட்டருக்கு வருகிறவர்களில் பலர், அதை மாற்றியமைக்கும் மொழியான லிஸ்ப்பின் அடைப்புக்குறிகளைப் பார்த்ததுமே பின்வாங்கிவிடுகிறார்கள். எடிட்டரை நம் இஷ்டத்துக்கு மாற்ற ஃபங்ஷனல் புரோகிராமிங் முழுசாகத் தெரிய வேண்டாம். அதில் வரும் மோனாட் போன்ற கடினமான கருத்துகள் பக்கமே போக வேண்டியதில்லை. ஒரு ஃபங்ஷனை இன்னொரு ஃபங்ஷனிடம் கொடுக்கலாம் என்பது பிடிபட்டால் போதும்.

ஈமேக்ஸில் நிரலைச் சோதித்துப் பார்க்க இருக்கும் ஸ்க்ராட்ச் பஃபரைத் திறங்கள். ஓர் அடைப்புக்குறிக்குள் முதலில் மேப்கார் (கொடுத்த ஃபங்ஷனைப் பட்டியலின் ஒவ்வொரு உறுப்பின்மீதும் இயக்குவது), அடுத்து முன்னால் மட்டும் ஒற்றை மேற்கோளிட்ட லெங்த் (நீளம் சொல்லும் ஃபங்ஷன்), கடைசியில் அதேபோல் மேற்கோளிட்டுத் தனி அடைப்புக்குறிக்குள் ஒரு பட்டியல். பட்டியலில் தனித்தனி இரட்டை மேற்கோளுக்குள் மதுரை, மேலூர் என்று எழுதுங்கள் (நடுவே காற்புள்ளி கூடாது, இடைவெளிதான்). கர்சரைக் கடைசி அடைப்புக்குறிக்குப் பின்னால் வைத்து கன்ட்ரோல்-எக்ஸ், கன்ட்ரோல்-ஈ. கீழே 5, 6 என்று வரும். மதுரை மூன்றெழுத்துதானே? லெங்த் எண்ணுவது யூனிகோடு குறிகளை. 'து'வின் கொக்கியும் 'ரை'யின் முன்கொம்பும் அதற்குத் தனிக்கணக்கு. தமிழுக்கு எழுத்தெண்ணும் கமாண்ட் எழுதுகிறவர்கள் கவனிக்க.

அப்புறம் ஹூக், அதாவது குறிப்பிட்ட தருணத்தில் ஈமேக்ஸ் தானாக இயக்கும் ஃபங்ஷன்களின் பட்டியல். இதிலும் ஃபங்ஷனைத்தான் ஒப்படைக்கிறோம்: சாதாரண உரை எழுதுவதற்கான டெக்ஸ்ட் மோடின் ஹூக்கில் விஷுவல்-லைன்-மோடைச் சேர்த்தால் நீண்ட வரிகள் சொல் உடையாமல் மடியும். ஹூக்கில் லாம்ப்டா (பெயரில்லாத ஃபங்ஷன்) வைக்காதீர்கள், பெயருள்ள ஃபங்ஷனாக வையுங்கள்; பிறகு நீக்குவது சுலபம்.

சந்தேகம் வந்தால் கன்ட்ரோல்-ஹெச், அப்புறம் எஃப். ஃபங்ஷன் பெயரைக் கொடுத்தால் விளக்கம் வரும். மூலநிரல் நிறுவியிருந்தால் அதற்கும் அங்கிருந்தே போகலாம்.