இரைச்சல் நீக்கும் ஹெட்ஃபோன்: முதல் நாளே தீர்ப்பு எழுதுகிறவர்கள் செய்யும் தவறுகள்

புதுச்சேரி நேரு வீதியில் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையில் நின்றாலும் இதைப் பார்க்கலாம். புது ஹெட்ஃபோனைத் தலையில் மாட்டுவார்கள், ஒரு பாட்டு போடுவார்கள், பத்து நிமிடத்தில் முடிவு சொல்லிவிடுவார்கள். "சத்தம் கேக்கத்தான் செய்யுது", "காதை அடைக்குது", "பேஸே வரல." வாங்கிப் போனவரும் மறுநாளே இதே மூன்றையும் சொல்லிக்கொண்டு திரும்பி வருவார். இந்தப் புகார்களில் பெரும்பாலானவை கருவியின் குறை அல்ல. மாட்டிய விதமும் எதிர்பார்த்த விதமும்தான் காரணம்.

சார்ஜ் போடாமல் சோதிப்பது, இடது வலது மாற்றி மாட்டுவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை தானாகவே தெரிந்துவிடும். பணத்தைக் கரைக்கிற தவறுகள் வேறு.

இஎன்சியை ஏஎன்சி என்று நினைத்து வாங்குவது

ரூ. 1,500க்குள் கிடைக்கும் இயர்பட்ஸ் பெட்டிகளில் பெரிய எழுத்தில் 'இஎன்சி' (என்விரான்மென்டல் நாய்ஸ் கேன்சலேஷன்) என்று போட்டிருப்பார்கள். அது நீங்கள் போனில் பேசும்போது உங்கள் மைக்கில் விழும் சுற்றுப்புறச் சத்தத்தைக் குறைப்பது. மறுமுனையில் இருப்பவருக்குத்தான் அதனால் பலன்; உங்கள் காதில் விழும் சத்தத்தை அது துளியும் குறைக்காது. உங்கள் காதுக்கு வேண்டியது ஏஎன்சி, அதாவது 'ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன்'; உங்கள் காதில் விழும் வெளிச் சத்தத்தைக் குறைப்பது அதுதான். பெட்டியின் பின்பக்கத்தில் 'ஆக்டிவ்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். கையில் கிடைத்தால் ஏஎன்சியைப் போட்டு அணைத்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி மாற்றும் வசதியே இல்லையென்றால் அது ஏஎன்சி கருவியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

பெட்டியில் போட்டிருக்கும் '45 டெசிபல்', '50 டெசிபல்' என்ற எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். ஏதோ ஓர் அலைவரிசையில் கிடைத்த உச்ச அளவு அது. எல்லாச் சத்தமும் அந்த அளவுக்குக் குறையும் என்று பொருள் இல்லை.

பேச்சுக்குரலும் மறைந்துவிடும் என்று எதிர்பார்ப்பது

வெளிப்புற மைக் சத்தத்தைப் பிடிக்கிறது. உள்ளே இருக்கும் சிப் அதற்கு நேர் எதிரான அலையை உருவாக்கி ஸ்பீக்கர் வழியாக விடுகிறது. இரண்டும் காதருகே சந்தித்து ஒன்றையொன்று அழிக்கின்றன. அலை நீளமாக இருந்தால் இது எளிது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.5 மீட்டர். 1,000 ஹெர்ட்ஸில் அது 35 சென்டிமீட்டர், 5,000 ஹெர்ட்ஸில் வெறும் 7 சென்டிமீட்டர். அலை குறுகக் குறுக, சிப் நொடியின் மிகச் சிறு பகுதி தாமதித்தாலும் எதிர் அலை பொருந்தாமல் போய்விடும். அதனால் ஏறக்குறைய 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் ஏஎன்சிக்கு வலு. அதற்கு மேலே உள்ள சத்தத்தைத் தடுப்பது, ஹெட்ஃபோனில் காதைச் சுற்றி உட்காரும் பஞ்சு மெத்தையும் இயர்பட்ஸின் நுனியில் உள்ள சிலிகான் டிப்பும்தான்.

இந்த நுட்பம் எஞ்சின் இரைச்சலை மனதில் வைத்து வளர்ந்தது. போஸ் நிறுவனம் 1989இல் இதை முதலில் விமானிகளுக்கான ஹெட்செட்டாகவே விற்பனைக்குக் கொண்டுவந்தது. எஞ்சின் உறுமல் இதற்குப் பிடித்த இரை. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும்போது உறுமல் சுமார் 75 ஹெர்ட்ஸில் இருக்கும். கடலூர்–புதுச்சேரி பேருந்தில் ஏறி ஏஎன்சியைப் போட்டால் முதலில் மறைவது அதுதான். அதே பேருந்தில் ஸ்பீக்கரில் பாட்டு ஓடினால், தாளத்தின் அடிச்சத்தம் போய் பாடகர் குரல் மட்டும் மெலிதாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். நடத்துனரின் விசில், ஏர் ஹாரன், பக்கத்து இருக்கைப் பேச்சு எல்லாம் வரும். குறைவாக வரும், ஆனால் வரும். கருவி சரியாகத்தான் வேலை செய்கிறது.

ஏசி போட்ட கடைக்குள் நின்று ஏஎன்சியைச் சோதிப்பவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாததற்கும் இதுவே காரணம். அங்கே இருக்கும் சத்தத்தில் பெரும்பங்கு பேச்சு. கடைக்காரரிடம் கேட்டு, ஏசியின் வெளி யூனிட் அருகிலோ ஓடும் ஜெனரேட்டர் அருகிலோ போய் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

காற்றுக் கசிவோடு தீர்ப்பு சொல்வது

எல்லாவற்றிலும் அதிகப் பணத்தை விழுங்கும் தவறு இதுதான். எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பதைப் பார்க்க உண்மையிலேயே எரிச்சலாக இருக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் கையேடுகூட இதை ஒரு சின்னப் படத்தோடு முடித்துக்கொள்கிறது.

வழக்கமான கதை இப்படிப் போகும். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறவர். தடித்த பிளாஸ்டிக் பிரேம் கண்ணாடி. ரூ. 8,000க்கு ஒரு ஹெட்ஃபோன் வாங்குகிறார். பேருந்தில் எஞ்சின் சத்தம் அப்படியே வருகிறது, பாட்டில் பேஸ் இல்லை. 'மட்டமான சரக்கு' என்று முடிவு கட்டி, அதைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு ரூ. 25,000க்கு உயர்ரக மாடல் வாங்குகிறார். கொஞ்சம் தேவலாம், ஆனால் எஞ்சின் சத்தம் இன்னும் வருகிறது. அடுத்து எந்த மாடல் வாங்கலாம் என்று கேட்க வருகிறார். பழுது முதலிலிருந்தே அவர் கண்ணாடியின் காம்பில் இருந்தது.

கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கிப் பிடிக்கும் இடத்தைக் கிட்டத்தில் பாருங்கள். காம்புக்கு மேலும் கீழும், காதுக்குச் சற்று முன்னே, முக்கோண வடிவில் ஒரு சிறு இடைவெளி இருக்கும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அது போதும். ஸ்பீக்கர் உண்டாக்கும் தாழ்ந்த ஒலி, காதை மூடும் கப்பு என்ற மூடிய அறைக்குள் அழுத்தமாக நிற்க வேண்டியது. ஓட்டை இருந்தால் அந்த அழுத்தம் சேர்வதற்கு முன்பே வெளியே ஓடிவிடும். அதனால் பேஸ் போகிறது. எதிர் அலையின் பலமும் போகிறது. அதே ஓட்டை வழியாக எஞ்சின் உறுமல் நேராக உள்ளே வருகிறது. கப்புக்குள் இருக்கும் இரண்டாவது மைக் கணக்குப் போடுவது மூடிய அறையை வைத்து. அறை திறந்திருந்தால் அந்தக் கணக்கும் தப்பும். ஏஎன்சி எந்த அலைவரிசையில் பிரமாதமாக வேலை செய்ய வேண்டுமோ, மிகச் சரியாக அங்கேதான் கசிவு அடிக்கிறது. மேல் ஸ்தாயி அவ்வளவாகப் பாதிக்கப்படாததால் பாட்டு 'கேட்கிற மாதிரி'தான் இருக்கும். ஆகவே யாரும் கசிவைச் சந்தேகிப்பதில்லை.

கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். பிரிட்ஜ், மோட்டார், ஏசி வெளி யூனிட் என்று ஒரே சீராக உறுமும் ஏதாவது ஒன்றின் அருகே நில்லுங்கள். பாட்டு வேண்டாம். ஏஎன்சியை முழு அளவில் வையுங்கள். இப்போது இரண்டு உள்ளங்கையாலும் கப்புகளை மெதுவாக அழுத்துங்கள். அழுத்தும் கணத்தில் 'தும்' என்று ஒரு சத்தம் வரலாம். அதை விட்டுவிட்டு இரண்டு விநாடி பொறுங்கள். உறுமல் சட்டென்று இன்னும் குறைந்தால் கசிவு இருக்கிறது. அடுத்து கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுத்தாமல் கேளுங்கள். அப்போதே குறைந்துவிட்டால் குற்றவாளி கண்ணாடிதான். குறையவில்லையென்றால் முடியை மெத்தைக்கு வெளியே ஒதுக்கிப் பாருங்கள். பிறகு தோடு, ஜிமிக்கி. கடைசியாகப் பார்க்க வேண்டியது காதுமடலுக்குக் கீழே, தாடை எலும்புக்குப் பின்னால் இருக்கும் பள்ளம். மெலிந்த முகம் உள்ளவர்களுக்கு அங்கேதான் அதிகம் கசியும். தலைப்பட்டையை ஒவ்வொரு பக்கமும் ஒரு படி நீட்டி, கப்பைச் சற்றே கீழிறக்கினால் பெரும்பாலும் சரியாகும். காதுமடல் முழுவதும் மெத்தையின் வளையத்துக்குள் இருக்க வேண்டும். மடலின் மேல் மெத்தை ஏறி உட்காரக் கூடாது.

கண்ணாடி அணிபவர்களுக்கு நிரந்தரத் தீர்வு மெல்லிய உலோகக் காம்பு. ரூ. 21,000 கூடக் கொடுத்து ஹெட்ஃபோன் மாற்றுவதைவிட பிரேம் மாற்றுவது மலிவு. மெத்தை மென்மையாகவும் ஆழமாகவும் உள்ள மாடல்கள் காம்பைச் சுற்றி நன்றாகப் பொருந்தும். கெட்டியான மெத்தை பொருந்தாது. கடைக்குப் போகும்போது தினமும் போடும் கண்ணாடியோடு போங்கள். கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு போய்த் தேர்ந்தெடுக்காதீர்கள்.

இயர்பட்ஸில் இதே தவறு டிப் அளவில் நடக்கிறது. பெட்டியிலிருந்து எடுக்கும்போது நடு அளவு டிப் மாட்டியிருக்கும். பலரும் மற்ற இரண்டு ஜோடிகளின் கவரைக்கூடப் பிரிப்பதில்லை. மூன்றையும் போட்டுப் பாருங்கள். இடது காதுக்கும் வலது காதுக்கும் வேறு வேறு அளவு வேண்டியிருப்பது மிகச் சாதாரணம். மாட்டும்போது எதிர்க் கையால் காதின் மேல்பகுதியைப் பின்னோக்கி மேலே இழுத்து, பட்ஸை உள்ளே வைத்துச் சற்றுத் திருப்பி விடுங்கள். வாயைத் திறந்து மூடினாலும் பேஸ் மாறக் கூடாது. ஃபோம் டிப் என்றால் விரலால் நசுக்கி உள்ளே வைத்து, அது விரியும்வரை 20 முதல் 30 விநாடி பிடித்துக்கொள்ளுங்கள். பல நிறுவனங்களின் ஆப்பில் 'ஃபிட் டெஸ்ட்' இருக்கிறது. சிரமம் பார்க்காமல் ஓட்டுங்கள்.

கசிவோடு கேட்பவர் அடுத்து செய்வது வால்யூமை ஏற்றுவது. பேருந்தில் தினமும் இரண்டு மணி நேரம் அப்படிக் கேட்டால் காதுக்குக் கேடு. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல். அளவு கூடக்கூட நேரம் வேகமாகக் குறையும்.

'காதை அடைக்கிறது' என்று உடனே திருப்பிக் கொடுப்பது

ஏஎன்சி போட்டவுடன் மலை ஏறும்போது வருவது போன்ற ஓர் அடைப்பு சிலருக்குத் தோன்றும். காதில் காற்றழுத்தம் எதுவும் மாறுவதில்லை. தாழ்ந்த ஒலி மட்டும் திடீரென்று காணாமல் போவதை மூளை அழுத்தமாக எடுத்துக்கொள்கிறது என்பதே பொதுவான விளக்கம். ஏஎன்சி அளவைப் பாதியாக வைத்து, ஒரு வாரம் குறைந்த நேரம் கேட்டுப் பழகுங்கள். அப்படியும் தலைவலியோ குமட்டலோ வந்தால் திருப்பிக் கொடுங்கள். பழகாத காதுகளும் உண்டு.

கடற்கரைச் சாலையில் சோதிப்பது

மாலையில் காந்தி சிலை அருகே நின்று போட்டுப் பார்த்து, 'உள்ளே புயல் அடிக்குது' என்பார்கள். கடல்காற்று வெளிப்புற மைக்கின் துளையில் மோதுவதைக் கருவி சத்தமாக எடுத்துக்கொண்டு எதிர் அலை போடுகிறது. ஆப்பில் காற்று இரைச்சலுக்கான முறை இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் ஏஎன்சியை அணைத்துவிடுங்கள். கடலூர் சில்வர் பீச்சுக்கும் இதே கதைதான்.

இருசக்கர வண்டியில் மாட்டுவது

வேண்டாம். ஒரு காதில் மட்டும் என்றாலும் வேண்டாம்.

மீட்டிங்கில் வரும் ஒலியை வைத்துத் தரம் சொல்வது

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் அதிகம் சொல்லும் புகார்: "பாட்டு அருமையா இருக்கு, மீட்டிங்னா டப்பா மாதிரி கேக்குது." புளூடூத்தில் மைக் திறந்த நொடியே லேப்டாப் இசைக்கான வழியை விட்டுத் தொலைபேசி வழிக்கு மாறுகிறது. அந்த வழியில் ஒலி ஒற்றைச் சேனல். ஒலியை அளந்து மாதிரி எடுப்பது பெரும்பாலும் விநாடிக்கு 8,000 அல்லது 16,000 முறை மட்டுமே. விலை கூடக் கொடுத்தாலும் பெரும்பாலும் இப்படித்தான். மீட்டிங் செயலியின் அமைப்பில் ஸ்பீக்கராக ஹெட்ஃபோனையும், மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். ஒலி உடனே பழையபடி ஆகிவிடும். லேப்டாப், ஹெட்ஃபோன் இரண்டும் புளூடூத்தின் புதிய ஒலி முறையான எல்இ ஆடியோ உள்ளவையாக இருந்தால் இந்தத் தொல்லை குறையும்.

ஐஃபோன் வைத்துக்கொண்டு எல்டேக்குக்குப் பணம் கொடுப்பது

எல்டேக் என்பது புளூடூத்தில் உயர்தர ஒலியை அனுப்பச் சோனி உருவாக்கிய முறை. ஐஃபோன் எஸ்பிசி, ஏஏசி என்ற இரண்டு முறைகளில்தான் ஒலியை அனுப்பும். எல்டேக் வீண்.

கடலோர ஊரில் மெத்தையை மறந்துவிடுவது

வாங்கி ஒன்றரை, இரண்டு வருடம் ஆனதும் 'ஏஎன்சி வீக் ஆயிடுச்சு' என்று சர்வீசுக்கு வருபவை நிறைய. சிப்பில் ஒன்றும் இருக்காது. நம் ஊர் ஈரக்காற்றிலும் வியர்வையிலும் பாலியூரிதீன் செயற்கைத் தோல் சிதைந்து செதில் செதிலாக உரியும்; உள்ளே இருக்கும் ஃபோம் ஒரு பக்கமாக அமுங்கியிருக்கும். கசிவு மறுபடி வந்துவிட்டது என்று பொருள். மெத்தையை மாற்றினால் போதும். அதே மாடலுக்கு அதே ஆழத்தில் உள்ளதாக வாங்குங்கள். ஆழம் மாறினால் ஸ்பீக்கருக்கும் காதுக்கும் உள்ள தூரம் மாறி, ஒலியும் ஏஎன்சியும் மாறிவிடும்.

பயன்படுத்தியதும் மெத்தையை உலர்ந்த மென்துணியால் துடைத்து, அரை மணி நேரம் காற்றாட வைத்த பிறகே உறையில் போடுங்கள். வியர்வையோடு ஜிப் போட்டு மூடுவதுதான் தோலைச் சீக்கிரம் உரிக்கிறது. உறைக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். இயர்பட்ஸில் சார்ஜ் ஏறும் உலோகப் புள்ளிகள் பச்சை பூக்க ஆரம்பித்தால், பட்ஸை வெளியே எடுத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த காதுக்குச்சியால் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே பெட்டியில் வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் சார்ஜ் ஏறாத புகார்களில் பல அங்கேயே தீர்ந்துவிடும்.

பில் இல்லாமல் வாங்குவது

காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பிரபல பிராண்டு பெயர் போட்டு ரூ. 1,200க்குக் கிடைப்பது அசல் அல்ல. அசல் பெட்டியில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் தயாரித்தவர் பெயர் வரும். வரிசை எண் எழுதிய பில்லைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வாரண்டிக்கு முதலில் கேட்பது அதைத்தான்.