உட்ரோ வில்சனைப் பற்றிப் பேச்சு தயாரிப்பது எப்படி?

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பேச்சுப்போட்டிக்குப் பழக்குகிறேன். அமெரிக்க அதிபராக இருந்த வில்சன் என்றதும் "நல்லவரா, கெட்டவரா" என்று பட்டிமன்றம் கட்டிவிடுகிறார்கள். முதலில் அதை விடுங்கள்.

1913 முதல் 1921 வரை அவர் செய்ததை ஆண்டுவாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். 1917இல் முதல் உலகப் போரில் இறங்கியது, அமைதிக்காக முன்வைத்த பதினான்கு அம்சங்கள், நோபல் பரிசு எல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கும். மெனக்கெட வேண்டியது மற்றதற்குத்தான். அவர் ஆட்சியில் அஞ்சல் துறையிலும் கருவூலத்திலும் கறுப்பின ஊழியர்களைத் தனியே பிரித்தார்கள். 1914இல் அரசு வேலை விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்டார்கள். முகத்தைப் பார்த்தே கழித்துவிட வசதி! அதே ஆண்டு முறையிடப் போன கறுப்பினப் பத்திரிகையாளர் மன்றோ டிராட்டரிடம், பிரித்துவைப்பது உங்கள் நன்மைக்கே என்றார் வில்சன். அவர் பேசிய தொனி பிடிக்கவில்லை என்று வெளியேயும் அனுப்பினார்.

"அந்தக் காலம் அப்படி" என்று எதிரணி மடக்கினால், டிராட்டரைச் சொல்லுங்கள். அவரும் அந்தக் காலத்து ஆள்தானே?

அப்புறம் 1919, பாரிஸ் அமைதி மாநாடு. உலக நாடுகள் சங்கத்தை அமைக்கும் குழுவில் ஜப்பான் கொண்டுவந்த இனச் சமத்துவத் தீர்மானத்துக்கு 17 வாக்கில் 11 ஆதரவு. குழுவுக்குத் தலைமை வகித்த வில்சன், ஒருமனதாக இல்லை என்று தள்ளிவிட்டார்.

நம்ம பக்கத்துச் சேதியும் ஒன்று உண்டு. மதுரையில் பிறந்த எஸ். சுப்பிரமணிய ஐயர் 1917இல் இந்தியாவின் சுயாட்சிக்கு ஆதரவு கேட்டு வில்சனுக்கே கடிதம் எழுதினார். ஆங்கிலேய அரசு கண்டித்ததும் சர் பட்டத்தைத் துறந்தார். என்னைக் கேட்டால் இதற்கே இரண்டு நிமிடம் கொடுக்கலாம்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2016இல் வில்சன் பெயர் இருக்கட்டும் என்றது. 2020இல் தன் பொதுக்கொள்கைப் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டது. இரண்டு முறையும் சொன்ன காரணங்களைத் தேடிப் படியுங்கள். சரி, உங்கள் முடிவு எதுவானாலும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். மணியடித்த பிறகு சொன்னால் நடுவர் மதிப்பெண் போட மாட்டார்.