பழைய அமெரிக்க வெள்ளி நாணயங்களை மதிப்பிடுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய அமெரிக்க வெள்ளி டாலர் ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது அதிலுள்ள ஆண்டைத்தான். தவறும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. நாணயத்தின் விலையை வயது தீர்மானிப்பதில்லை. எத்தனை அடிக்கப்பட்டன, உருக்கப்பட்டவை போக எத்தனை எஞ்சின, எஞ்சியவை எந்த நிலையில் உள்ளன, அவற்றை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பவையே தீர்மானிக்கின்றன. 1881இல் சான்பிரான்சிஸ்கோவில் அடித்த மோர்கன் வகை வெள்ளி டாலர் இன்றும் புழக்கத்தில் படாத புதுநிலையிலேயே ஏராளமாகக் கிடைக்கிறது. 1932இல் டென்வரில் அடித்த கால் டாலரோ அரை நூற்றாண்டு இளையது என்றாலும், 4,36,800 மட்டுமே அடிக்கப்பட்டதால் தேய்ந்துபோன நிலையிலும் சேகரிப்பாளர்கள் அதற்குக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள்.

ஆண்டைப் பார்த்துவிட்டு நாணயச்சாலைக் குறியைப் பாராமல் விடுவது அடுத்த தவறு. மோர்கன் டாலரில் அது பின்புறத்தில், கழுகைச் சூழ்ந்த இலைவளையத்தின் முடிச்சுக்குக் கீழே இருக்கும். எஸ் என்றால் சான்பிரான்சிஸ்கோ, ஓ என்றால் நியூ ஆர்லியன்ஸ், சிசி என்றால் கார்சன் சிட்டி. எழுத்தே இல்லையென்றால் பிலடெல்பியா. 1916ஆம் ஆண்டின் மெர்க்குரி டைம், அதாவது பத்து சென்ட் நாணயம், பிலடெல்பியாவில் 2 கோடியே 20 லட்சத்துக்கும் மேல் அடிக்கப்பட்டது. டென்வரில் 2,64,000 மட்டுமே. இந்த ஒரே எழுத்தால் விலை பன்மடங்கு மாறுவதால், சாதாரண நாணயத்தில் டென்வரைக் குறிக்கும் டி (D) எழுத்தைத் தனியாக ஒட்டி விற்பவர்களும் உண்டு. ஆகவே அரிய குறி கண்ணில் பட்டால், எழுத்து நாணயப் பரப்போடு சேரும் இடத்தில் இடைவெளியோ பற்றவைத்த தடமோ தெரிகிறதா என்று உருப்பெருக்கியால் பார்க்க வேண்டும். ஒரு லட்சம் மட்டுமே அடிக்கப்பட்ட 1893 எஸ் மோர்கனுக்கு இன்னொரு சோதனையும் உண்டு: முன்புறத்தில் 'லிபர்ட்டி' (LIBERTY) என்ற சொல்லின் டி (T) எழுத்துடைய மேற்பகுதியில் அச்சுக் கீறலால் விழுந்த மெல்லிய சாய்கோடு ஒன்று இருக்க வேண்டும்.

வெள்ளியின் அளவிலும் பலர் தடுமாறுகிறார்கள். பத்து சென்ட், கால் டாலர், அரை டாலர் ஆகியவை 1964 வரை 90 விழுக்காடு வெள்ளியால் அடிக்கப்பட்டன. 1965 முதல் 1970 வரையிலான கென்னடி அரை டாலரில் 40 விழுக்காடுதான். 1964ஆம் ஆண்டு அரை டாலரில் 11.25 கிராம் வெள்ளி இருக்க, இவற்றில் 4.6 கிராமே உள்ளது. மாறாக, போர்க்காலத்தில் 1942 முதல் 1945 வரை அடித்த ஐந்து சென்ட் நாணயங்களில் 35 விழுக்காடு வெள்ளி இருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. பின்புறத்தில் உள்ள மாண்டிசெல்லோ மாளிகைப் படத்தின் குவிமாடத்துக்கு மேல் பெரிய எழுத்தாக நாணயச்சாலைக் குறி இருப்பவையே அவை. வெள்ளியின் சந்தை விலை 31.1 கிராம் கொண்ட ட்ராய் அவுன்சுக்குச் சொல்லப்படுவது; 28.35 கிராம் கொண்ட சாதாரண அவுன்சில் எடை போட்டுப் பெருக்கினால் மதிப்பு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வந்துவிடும்.

இவை திருத்திக்கொள்ளக்கூடிய பிழைகள்; திருத்தவே முடியாதது நாணயத்தைத் தேய்த்துக் கழுவுவது. பற்பசை, சமையல் சோடா, வெள்ளிப் பாத்திரத்துக்கான பாலிஷ் எதுவும் கூடாது. அச்சின் அழுத்தத்தில் உலோகம் மையத்திலிருந்து விளிம்பு நோக்கிப் பரவும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகள் உருவாகின்றன. விளக்கின் கீழ் நாணயத்தைச் சாய்த்துத் திருப்பினால் ஒளிப்பட்டைகள் அதன்மேல் சுழன்று வருவது அந்த வரிகளால்தான். தேய்த்தால் அவை மழுங்கி, ஒளி சுழலாமல் தட்டையாகப் பளபளக்கும். உருவமில்லாத தட்டைப் பரப்பில் மயிரிழைக் கீறல்கள் ஒரே திசையில் ஓடும். தேர்ந்த கண்ணுக்கு இது நொடியில் தெரியும். பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரச்சான்று நிறுவனங்கள் கடுமையாகத் தேய்க்கப்பட்ட நாணயத்துக்கு எழுபது வரையிலான எண் தரம் எதையும் கொடுக்காமல், சேதக் குறிப்போடு திருப்பி அனுப்புகின்றன. கருமை அழுக்கு அல்ல, வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்ததன் விளைவு. அதை அப்படியே விட்டுவிடுங்கள்; மென்மையான பிவிசி உறைகளில் மட்டும் வைக்காதீர்கள், பச்சைப் பிசுக்கு படிந்து பரப்பை அரித்துவிடும்.

காந்தத்தில் ஒட்டவில்லை என்பதற்காக நாணயத்தை அசல் என்று நம்புவதும் பிழை. செம்பும் துத்தநாகமும் கலந்த போலியும் ஒட்டாது. மோர்கன் டாலரின் எடை 26.73 கிராம், விட்டம் 38.1 மில்லிமீட்டர், தேய்மானத்தால் எடை சற்றுக் குறையலாம், ஆனால் கூர்மையாகத் தோன்றும் நாணயம் ஒரு கிராம் குறைந்தாலே சந்தேகிக்க வேண்டும்.

பழைய விலைப் புத்தகத்தை நம்புவதும் ஆபத்தானது. 1903இல் நியூ ஆர்லியன்சில் அடித்த மோர்கன் டாலர், கிடைத்தற்கரியதாகக் கருதப்பட்டு மிக உயர்ந்த விலையில் இருந்தது. 1962இல் அரசு கருவூலத்திலிருந்து அவை பைபையாக வெளிவந்ததும் அந்த விலை சரிந்துவிட்டது. விற்பவர் கேட்கும் விலையும் அப்படித்தான். ஏலத்தில் அதே ஆண்டு, அதே குறி, அதே தரம் கொண்ட நாணயம் உண்மையில் விலைபோன தொகையையே அளவாகக் கொள்ள வேண்டும். தேய்ந்த 1921 மோர்கன் போன்ற சாதாரண நாணயத்தைத் தரச்சான்றுக்கு அனுப்பவே வேண்டாம். கிடைக்கும் கூடுதல் விலையைவிடக் கட்டணமே அதிகமாகிவிடும்.